பதினேழு நாளும் ஒரு பேண்ட்-எய்டும்

காடை என்றால் நம்மில் பல பேருக்குத் தெரிந்தது ஒன்றுதான். மிலிட்டரி ஓட்டலில் நாலு வெங்காய வளையம், ஒரு எலுமிச்சைத் துண்டு சகிதம் தட்டில் வந்து இறங்கும் சமாச்சாரம். எனக்கும் அவ்வளவுதான் தெரியும், பக்கத்து சீட் நண்பர் லஞ்ச் டயத்தில் அந்த வார்த்தையைச் சொல்லும்வரை.

"கோழி முட்டைக்கு 21 நாள் சார். காடைக்குப் பதினேழே நாள். மிஞ்சினா பதினெட்டு. குஞ்சு வெளியில வந்துடும்."

பதினேழு நாளில் முடிகிற காரியம் எங்கள் ஆபீசில் எதுவுமே கிடையாது. மெடிக்கல் பில் பாஸாகவே மூன்று மாசம். மயங்கிவிட்டேன்.

"ஆனா கடையில விக்கற காடை முட்டையை வாங்கி வெச்சுடாதீங்க. அதுல பெரும்பாலும் கூமுட்டைதான். ஆண் காடையோட சேர்ந்து இருந்த பெட்டை போட்ட முட்டையா வேணும். பண்ணையில சொல்லி வாங்கணும்."

வாங்கினேன். இருபத்து நாலு. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு கிராம். இங்க்கை உதறித் தெளித்த மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. பெட்டைக் காடையையே அடை உட்கார வைத்தால் என்ன என்று கேட்கலாம். உட்காராது. பண்ணைகளில் இருப்பது ஜப்பானியக் காடை. தலைமுறை தலைமுறையாக மிஷினிலேயே பொரித்துப் பொரித்து, அடைகாப்பதை அது அநேகமாக மறந்தே விட்டது. முட்டையைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடும். (ஃபைலை டேபிளில் போட்டுவிட்டு டீக்குப் போகிறவர்கள் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.)

ஆகவே மிஷின். ஒரு தெர்மகோல் பெட்டி, 40 வாட் பல்ப், சூடு ஏறினால் பல்பை அணைக்கிற தெர்மோஸ்டாட், செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய குட்டி ஃபேன், ஒரு தெர்மாமீட்டர், ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். உள்ளே சூடு 37.5 டிகிரி செல்சியஸ். தினம் மூன்று நாலு தடவை முட்டைகளைத் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

"கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷத்துல ஒரு தோசையைத் திருப்பிப் போட்டதில்லை" என்றாள் மனைவி.

ஆறாவது படிக்கும் மகளுக்கு வேறு சந்தேகம். "நிஜமா பொரிக்குமாப்பா?"

"1990-ல சோவியத்காரன் மிர் விண்வெளி நிலையத்துலயே காடை முட்டையைப் பொரிக்க வெச்சிருக்கான். அந்தரத்துல பொரிச்சது அம்பத்தூர்ல பொரிக்காதா?"

எட்டாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஆறு முட்டையில் ஒன்றுமே இல்லை. மற்ற பதினெட்டிலும் சிலந்தி மாதிரி ரத்த நாளம். பதினைந்தாம் நாளிலிருந்து திருப்புவதை நிறுத்தினோம். தண்ணீர்க் கிண்ணம் ஒன்று இரண்டாயிற்று. நண்பர் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். "இனிமே மூடியைத் திறக்காதீங்க. என்ன நடந்தாலும் சரி."

பதினேழாம் நாள். 'குடும்ப விசேஷம்' என்று கேஷுவல் லீவ் போட்டேன். பெட்டிக்குள் டிக், டிக் என்று சத்தம். காடைக் குஞ்சுகள் ஓட்டுக்குள் இருக்கும்போதே இப்படிச் சத்தம் கொடுத்து, பின்தங்கியதை அவசரப்படுத்தி, கிட்டத்தட்ட எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வருமாம். நம் யூனியனில்கூட இந்த ஒற்றுமை கிடையாது. மத்தியானத்துக்குள் ஏழு வந்துவிட்டன. மகள் கண்ணாடிப் பக்கத்தை விட்டு நகரவில்லை, சாப்பாட்டுக்குக்கூட.

எட்டாவது, ஓட்டில் கடுகளவு ஓட்டை போட்டுவிட்டு நின்றுவிட்டது. ஒரு மணி நேரம்... இரண்டு... மூன்று. அலகு நுனி மட்டும் வந்து வந்து போயிற்று.

"பாவம்ப்பா. ஏதாவது பண்ணேன்."

மகள் கேட்டு அப்பன் சும்மா இருந்தால் அது ஒரு அப்பனா? மூடியைத் திறந்தேன். நகத்தால் ஓட்டை உரித்தேன். உள்ளே வெள்ளைச் சவ்வு. அதையும் கிழித்தேன். ரத்தம். நிறைய இல்லை, நாலு சொட்டுதான். ஆனால் அந்தப் பிராணியின் மொத்த எடையே ஏழெட்டு கிராம். கால் மணி நேரத்தில் என் உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது.

மகள் அழவில்லை. "நீ தொடாம இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள். பதில் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

நண்பருக்கு போன் போட்டேன். அப்போதுதான் விஷயமே புரிந்தது. குஞ்சு ஓட்டை போட்டுவிட்டு நிற்பது களைப்பினால் அல்ல. முதல் முறையாகக் காற்றை மூச்சு இழுத்துப் பழகுகிறது. சவ்வில் ஓடும் ரத்தத்தை உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது. மிச்சமுள்ள மஞ்சள் கருவை வயிற்றுக்குள் வாங்கி, முதல் ஒரு நாளைக்கான கட்டுச்சாதத்தை மூட்டை கட்டுகிறது. பார்க்கிறவனுக்குச் சும்மா இருப்பது போலத்தான் தெரியும். பல மணி நேரம் ஆகும். நான் மூன்றாவது மணியில் புகுந்து கெடுத்தேன்.

அதோடு போகவில்லை. மூடியைத் திறந்ததில் ஈரப்பதம் மொத்தமும் வெளியே போய்விட்டது. இரவுக்குள் இன்னும் ஏழு வந்தன. ஆனால் அந்த நேரத்தில் ஓட்டை போட்டிருந்த ஒரு முட்டை மட்டும் மறுநாள் மாலை வரை அப்படியே நின்றது. சவ்வு காய்ந்து, பழுப்புக் காகிதமாகக் குஞ்சின் மேல் இறுகிவிட்டது. அதற்குக் கஷ்டத்தை உண்டாக்கியதே என் உதவிதான்.

"ஒரு நாள் முழுசா ஆச்சா? மத்ததெல்லாம் வந்தாச்சா? இப்ப உதவலாம்" என்றார் நண்பர் போனில். "வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சு சவ்வை ஈரமாக்குங்க. அலகுப் பக்கத்துல ஓட்டைத் துளி எடுங்க. சிவப்பா நரம்பு தெரிஞ்சா கையை எடுத்துட்டு, திரும்ப உள்ள வெச்சுடுங்க. கடைசி உதையை அதுவே உதைக்கணும்."

துளி எடுத்தேன். காத்திருந்தேன். இன்னொரு துளி. மறுபடி அரை மணி. மகள் கடிகாரம் பார்த்து "இப்ப தொடலாம்", "இப்ப தொடாதே" என்று உத்தரவு போட்டாள். அந்த உரிமை அவளுக்கு இருந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு உதை. வந்துவிட்டது, நனைந்த பஞ்சு மாதிரி.

கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து கிடந்தன. பேண்ட்-எய்டை மெல்லிய பட்டையாக வெட்டி, இரண்டு காலுக்கும் நடுவே சரியான இடைவெளி விட்டுக் கட்டினோம். வழுக்கும் நியூஸ்பேப்பரை எடுத்துவிட்டுப் பழைய டவல் விரித்தோம். தண்ணீர்த் தட்டில் மூழ்கிவிடாமலிருக்க மகளின் கோலிக்குண்டுகள். முதல் வாரம் 35 டிகிரி சூடு, அப்புறம் வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மூன்றாம் நாள் பட்டையை அவிழ்த்ததும், கூட்டத்தோடு கூட்டமாக ஓடியது. எது அது என்று இப்போது எனக்கே தெரியாது. மகளுக்குத் தெரியுமாம்.

கணக்கு: 24-ல் 15. கடைசி வரை ஓட்டையே போடாதவை இரண்டு. என் கணக்கில் ஒன்று.

லீவு முடிந்து ஆபீஸ் போனேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், டேலி ஆகாத கணக்கை வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக் கொண்டிருந்தான். வழக்கமாக நான் என்ன செய்வேன் தெரியுமா? "தள்ளுப்பா" என்று பேப்பரைப் பிடுங்கி, ஐந்து நிமிஷத்தில் முடித்து, அவன் முகத்தில் வீசுவேன். அதற்குப் பெயர் உதவி என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கை அவன் டேபிள் வரை போய்விட்டது. நிறுத்தினேன்.

"எந்த இடத்துல நிக்குது? அதை மட்டும் காட்டு."

காட்டினான். ஒரு எண்ணை விரலால் தொட்டுவிட்டு என் சீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் நாலேகாலுக்கு "சார்! டேலி ஆயிடுச்சு சார்!" என்று ஒரு கத்தல்.

கடைசி உதை.

பக்கத்து சீட் நண்பர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்ன சார், ஃபிரை எப்போ?" என்றார்.

"அதை என் பெண்ணிடம் கேளுங்கள்" என்றேன். இதுவரை அவர் கேட்கவில்லை.