கலை என்றால் அவர்களுக்கு, கூத்து என்றால் நமக்கு

1980 நவம்பரில் கிட் கேலோவே, ஷெரி ராபினோவிட்ஸ் என்ற இரு கலைஞர்கள் நியூயார்க் நகரையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் செயற்கைக்கோள் வழியே இணைத்தார்கள். இரண்டு ஊர்களிலும் தெருவோரம் ஆளுயரத் திரை. மூன்று மாலைகள், வழியில் போனவர்கள் அந்த ஊர்க்காரர்களோடு நேருக்கு நேர் பேசிச் சிரித்தார்கள். கலை வரலாறு அதை இன்றும் போற்றுகிறது.

டிக்டாக்கின் ‘டூயட்’ செய்ததும் அதே வேலைதான். ஒருத்தி பாடிய பாதிக்கு முன்பின் அறியாத இன்னொருவர் மறுபாதியைச் சேர்க்கலாம். விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, இடுக்கி ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து காய் எடுத்துத் திரும்பும் பெண்ணுக்கும் எட்டக்கூடிய மேடை அது. அவள் ஆடினால் மட்டும் அதற்குப் பெயர் கூத்து, சீரழிவு, குடும்ப மானம்.

தேனி மாவட்டத்தையும் தன் அதிகார எல்லைக்குள் கொண்ட மதுரை உயர் நீதிமன்றக் கிளை, 2019 ஏப்ரல் 3 அன்று அந்தச் செயலியைத் தடைசெய்யச் சொன்னது. ஆபாசமும் குழந்தைகளுக்கு நேரும் ஆபத்தும் காரணமாகச் சொல்லப்பட்டன. ஏப்ரல் 24 அன்று அந்தத் தடை விலகியது. 2020 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு அதையும் சேர்த்து 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. முதலில் குழந்தைகளின் பாதுகாப்பு, பிறகு நாட்டின் பாதுகாப்பு. பாதுகாப்பு என்ற சொல் வரும்போதெல்லாம் அடைபடுவது நம் வாசல்தான்.

அந்த நிறுவனம் நம் உழைப்பில் லாபம் பார்த்தது உண்மை. ஏலத்தோட்ட முதலாளியும்தான் பார்க்கிறார். அதற்காக ‘மலைக்குப் போகாதே’ என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. கூலி வீட்டுக்கு வருகிறது. பாட்டில் கிடைக்கும் மகிழ்ச்சி அவளுக்கு மட்டுமே போகிறது. உறுத்துவது அதுதான்.

படத்தை மாற்றி மிரட்டுகிறார்களே என்பார்கள். மிரட்டுகிறவனைப் பிடியுங்கள். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமின்றி எடுப்பதும் பரப்புவதும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். புகார் கொடுக்கப் போகிறவளிடம் ‘நீ ஏன் போட்டோ போட்டாய்?’ என்று கேட்பதற்கு எந்தப் பிரிவும் இல்லை.

தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) சொல்வது: இந்தியாவில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம். செல்போன் யார் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல் யாருக்குத் தெரியும், இரவு யார் அதை வாங்கிச் சோதிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குள் வராத மிச்சம்.

தோழிகளே, ஒரு செயலி போனால் இன்னொன்று வரும், ரீல்ஸ் வந்துவிட்டது. நாம் கேட்பது செயலியை அல்ல. நம் பெயரில் ஒரு செல்போன், நமக்கு மட்டுமே தெரிந்த கடவுச்சொல், புகாரை வாங்கிக்கொள்ளும் காவல் நிலையம். முகமும் குரலும் ஏற்கெனவே நம்முடையவை. அவற்றை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.