பாஸ்வேர்டு யார் கையில்?



உத்திரமேரூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். கல்லூரி விண்ணப்பம், பான் கார்டு, டி.என்.பி.எஸ்.சி. பதிவு என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் மளமளவென்று நிரம்பும். "மெயில் ஐடி சொல்லுங்க" என்றதும் பேச்சு நின்றுவிடும். பிறகு, "உன்னுதையே போட்டுடு தம்பி" என்பார்கள். கடைத் தம்பியும் போட்டுவிடுவார். பின்னால் இன்னும் எட்டுப் பேர் நிற்கிறார்களே!

அன்றைக்கு வேலை முடிந்தது. சில மாதம் கழித்து வரும் ஹால் டிக்கெட் தகவலும் கலந்தாய்வுத் தேதியும், "சான்றிதழ் தெளிவாக இல்லை, மறுபடி அனுப்பவும்" என்ற அறிவிப்பும் அந்தத் தம்பியின் பெட்டியில் போய் விழும். முன்பின் தெரியாத பலருடைய கடிதங்களுக்கு நடுவே அதுவும் ஒன்றாகக் கிடக்கும். அது யாருடையது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. கடிதம் வந்ததே உரியவருக்குத் தெரியாது. கெடு தாண்டிவிடும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விடுகிறது.

அதனால்தான் இந்த இதழிலிருந்து மெயில் பயன்படுத்துவது பற்றி ஒரு சிறு தொடரைத் தொடங்குகிறோம். "இந்தக் காலத்தில் இதையும் சொல்லித் தரணுமா?" என்று எங்கள் அலுவலகத்திலேயே கேட்டார்கள். தரணும். வாட்ஸ்அப்பில் வெளுத்து வாங்குகிற எத்தனையோ பேருக்கு மெயில் என்றால் கை நின்றுவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே ஒரு மெயில் ஐடி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரைத் திறக்க கூகுள் கணக்கு வேண்டும். போன் வாங்கிய அன்றைக்கே கடைக்காரரோ வீட்டுப் பையனோ ஒன்றைத் தொடங்கியிருப்பார்கள். பெயர் நம்முடையது, பாஸ்வேர்டு அவர்களுடையது. மகளிர் குழுவில் கணக்கு எழுதும் ஓர் அக்கா சொன்னார்: "பையன் ஒரகடத்துக்கு ஷிப்ட்டுக்குப் போயிட்டா மெயிலும் அவனோடயே போயிடுது சார். நைட்டு வந்து தூங்கி எழுந்தாத்தான் பேங்க்ல இன்னா அனுப்புனாங்கன்னு தெரியும்." அவர் போன் அவர் இடுப்பில்தான் இருக்கிறது. அந்தக் கடிதமும் அதே போனுக்குள்தான் இருக்கிறது.

இது இப்படி ஆனது ஒரு வகையில் அநியாயம். இணையத்தில் திறந்து பார்க்கும் மெயில், சொந்தமாகக் கணினி இல்லாதவர்களுக்கு மிகவும் தோதாக அமைந்த ஒன்று. அதற்கு முன்பு பெரும்பாலும் அலுவலகம் கொடுத்த முகவரி, அல்லது இணைய இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் முகவரி. கடிதம் வந்து இறங்குவது ஒரே ஒரு கணினியில். வேலையை விட்டால் முகவரியும் போச்சு. 1996 ஜூலை 4 அன்று சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் திறந்துவிட்டபோது அந்தக் கட்டு அறுந்தது. எந்த ஊரில், எந்தக் கணினி முன் உட்கார்ந்தாலும் உங்கள் பெட்டியை நீங்கள் திறக்கலாம், காசும் கிடையாது. சண்டிகரில் பிறந்த பாட்டியா அடுத்த ஆண்டு இறுதியிலேயே அதை மைக்ரோசாஃப்ட்டுக்குச் சுமார் 40 கோடி டாலருக்குக் கொடுத்தார் என்பது பலருக்கு நினைவிருக்கும். ஜிமெயில் வந்தது 2004 ஏப்ரல் 1-இல். மற்றவர்கள் 2 எம்.பி., 4 எம்.பி. என்று இடம் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு ஜி.பி. தருகிறோம் என்றதும், முட்டாள்கள் தின விளையாட்டு என்றே நிறையப் பேர் நினைத்தார்கள்.

நம் மாநிலத்துக் கிராமங்களுக்கும் மெயில் புதிதல்ல. 2000-களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து ஊர்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு கல்வி நிறுவனங்களும் சேர்ந்து இணைய மையங்களை நடத்தின. தொலைபேசிக் கம்பியே சரியாகப் போகாத ஊர்களுக்குக் கம்பியில்லா இணைப்பு. மையத்தை நடத்தியவர்கள் உள்ளூர்க்காரர்கள். கண்ணில் கோளாறு என்று வருபவரைக் கணினியின் சின்னக் கேமரா முன் உட்கார வைத்துப் படம் எடுத்து, நோயின் விவரத்தையும் சேர்த்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மெயில் அனுப்புவார்கள். நேரில் வர வேண்டுமா, மருந்து போதுமா என்று மருத்துவர் பதில் எழுதுவார். ஒருநாள் கூலியும் பஸ் காசும் மிச்சம். சான்றிதழ், முதியோர் உதவித்தொகை தொடர்பான மனுக்களும் இதே வழியில் தாலுகா அலுவலகத்துக்குப் போயின. ஆனால் ஆர்வத்தோடு பதில் போட்ட அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. வருமானம் போதாமல் மையங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மேலூரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: எழுதியதும் அனுப்பியதும் மையத்தில் இருந்தவர். மனுக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மையத்துக்குப் பூட்டுப் போட்டதும் அவர் கையில் எதுவும் மிஞ்சவில்லை. இன்றைய ஜெராக்ஸ் கடை நாற்காலியும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

சரி, கற்றுக்கொள்ள எவ்வளவு இருக்கிறது? உண்மையில் கொஞ்சம்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் இரண்டாம் தாளுக்குக் கடிதம் எழுதிய எவருக்கும் இதில் பாதி தெரியும். பெறுநர், பொருள், விளிப்பு, செய்தி, கீழே பெயர். மெயிலிலும் மேலிருந்து கீழாக அதே வரிசைதான். அனுப்புநரை மட்டும் அதுவே போட்டுக்கொள்ளும். மனுவின் அடியில் "நகல்: மாவட்ட ஆட்சியர்" என்று எழுதுவோமே, அதற்கும் தனிக்கட்டம் உண்டு, சிசி என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே பிசிசி என்று இன்னொன்று. அதில் போடும் முகவரிகள் மற்றவர் கண்ணில் படாது. குழுவிலுள்ள இருபது பேருக்கும் ஒரே தகவல் அனுப்பும்போது அதில் போடுங்கள். ஒருவர் முகவரி இன்னொருவருக்குப் போகாமல் இருக்கும்.

பொருள் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். எங்களுக்கு வரும் மெயில்களில் அந்த இடம் வெறுமையாக இருப்பதே அதிகம். ஒரு நாளைக்கு நூறு மெயில் பார்க்கும் அலுவலர் உங்களுடையதைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்த ஒரு வரியை வைத்துத்தான். "வணக்கம்", "அவசரம்" என்று எழுதிப் பயனில்லை. "பட்டா பெயர் மாற்றம் – மனு எண் இன்னது" என்று எழுதுங்கள். இணைக்கிற படத்துக்கும் இதே கதைதான். மதிப்பெண் சான்றிதழைப் போனில் படம் எடுத்தால் அது ஏதோ எண்ணைத் தன் பெயராக வைத்துக்கொள்ளும். அதை மாற்றி உங்கள் பெயரையும் "பிளஸ் டூ சான்றிதழ்" என்பதையும் சேர்த்து வையுங்கள். ஜிமெயிலில் ஒரு கடிதத்தோடு 25 எம்.பி. வரை இணைக்கலாம், நான்கைந்து சான்றிதழுக்கு அது தாராளம்.

இங்கிலீஷ் தெரியாதே என்று தயங்குபவர்களுக்கு: தமிழிலேயே எழுதுங்கள். முன்பு தமிழில் மெயில் அனுப்பினால் அந்தப் பக்கத்திலும் அதே எழுத்துரு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கட்டம் கட்டமாகவும் கிறுக்கலாகவும் தெரியும். யூனிகோடு வந்த பிறகு அந்தத் தொல்லை ஓய்ந்தது. தட்டச்சு வராது என்றால் கீபோர்டில் இருக்கும் மைக் படத்தைத் தொட்டுப் பேசுங்கள், அது எழுதும். அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். நாம் சொன்னது ஒன்று, அது எழுதியது ஒன்று என்று இருக்கும். அவசரப்பட்டு அனுப்பிவிட்டாலும் ஜிமெயிலில் சில நொடிகள் வரை பிடித்து இழுக்கலாம். கணினியில் செட்டிங்ஸ் போய் அதை 30 நொடியாக வைத்துக்கொள்ளலாம். என்னைப் போன்ற அவசரக்காரர்களுக்கு அது வரம்.

பாஸ்வேர்டு விஷயத்துக்கு வருகிறேன். நம்ம உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு உங்களுக்குத் தெரியாததல்ல. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் எழுதிவைத்த, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகள். குடத்தை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் அறியாத சிறுவனை விட்டு ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஒளிவுமறைவு கூடாது என்பதில் அவ்வளவு கறார். பாஸ்வேர்டுக்கு மட்டும் இந்த விதி செல்லாது! அதற்கு மூடிய கைதான். கடைத் தம்பி எத்தனை நல்லவராக இருந்தாலும் கணக்கைத் தொடங்கும் நேரத்தில் பாஸ்வேர்டை நீங்களே அழுத்துங்கள். ஊர்ப் பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம். உங்களுக்கு மட்டும் அர்த்தமுள்ள நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைப்பதில் தப்பில்லை என்பேன். மறந்துபோய் நிற்பதைவிட அது மேல். போன் கவரில் மட்டும் செருகி வைக்காதீர்கள்.

அடுத்தவர் கணினியில் திறந்தால் எழுந்திருக்கும் முன் சைன் அவுட். "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று நம்மூரில் உண்டு. சலுகை பார்த்து சிம் மாற்றுவது. கணக்கில் பழைய எண்தான் பதிவாகியிருக்கும். சில மாதம் பயன்படுத்தாமல் விட்ட எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பாஸ்வேர்டு மறந்த நாளில் ஓ.டி.பி. யாரோ ஒருவர் போனில் போய் அடிக்கும். எண்ணை மாற்றும் முன்பு மெயில் கணக்கில் புதிய எண்ணைப் பதிந்துவிடுங்கள். இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது. பத்தாம் வகுப்பில் தொடங்கி மறந்துபோன ஐடி இருந்தால் இந்த வாரமே ஒருமுறை திறந்து பாருங்கள்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பெரிய கார் கம்பெனியின் பெயரும் முத்திரையும் போட்டு, "தேர்வாகிவிட்டீர்கள், சீருடைக்கும் பதிவுக்கும் பணம் கட்டவும்" என்று மெயில் வரும். முத்திரையைப் பார்க்காதீர்கள், அனுப்பியவரின் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனியின் பெயர் அங்கே இல்லாமல் ஜிமெயில் என்றிருந்தால் உஷாராகிவிடுங்கள். வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார். கட்டிவிட்டீர்களா, நேரத்தைக் கடத்தாமல் 1930-க்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

தொடரின் முதல் பகுதி இந்த இதழின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. படித்துவிட்டு, மகனையோ மருமகளையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நீங்களே ஒரு மெயில் எங்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் வாயால் சொல்லட்டும், போன் உங்கள் கையில் இருக்கட்டும். இரண்டு வரி போதும். பொருள் கட்டத்தில் உங்கள் ஊர்ப் பெயரைப் போடுங்கள். வருகிற ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவோம். ஒரு வாரத்தில் பதிலைக் காணோம் என்றால் ஸ்பாம் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே விழுந்தது 30 நாள்தான் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்