மாமாவின் துயரம்

என் மாமா விவாகரத்தாகி ஒரு வருடமாகிறது. வந்தவர்களெல்லாம், "ஆம்புள தானே, இன்னொரு கலியாணம் முடிச்சா செரி" என்றார்கள். பெருநாளன்று மகளுக்கு வாங்கிய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சாப்பிடாமல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பெண்ணின் வேதனை பெரிது. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் துயர் ஆற அவளுக்கு இத்தாக் காலமாவது உண்டு. ஆணுக்கு அந்த அவகாசமும் இல்லை. மறுநாளே கடை திறக்க வேண்டும்.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, தலாக்குக்கு முன்னர் காதியார் உறவினரையும் ஊர்ப் பெரியோரையும் கொண்டு சமாதானத்துக்கு முயல வேண்டும். பிரிந்த பின்னர் அந்தப் பெரியோர் எங்கே? கணவன் மனைவி உறவு முடியலாம்; வாப்பா மகள் உறவு முடிவதில்லை.

கடந்த மாதம் உம்மம்மா தானே மாமியின் வீட்டுக்குப் போனார். பழைய கதை எதுவும் பேசவில்லை. "வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையை வாப்பாவிடம் அனுப்புங்க மகள்" என்று மட்டும் கேட்டார். மாமி சம்மதித்தார். இப்போது மாமா வியாழன் மாலையே வட்டிலாப்பத்துக்குத் தேங்காய் துருவத் தொடங்கிவிடுகிறார்.

பெற்றோரே, பிரிந்தவருக்குப் பெண் பார்க்குமுன் அவரைப் பிள்ளைகளோடு சேர்த்துவையுங்கள்.