யாரையும் வெறுக்காதவர்கள்

பிரம்மதேசத்து டீக்கடையில் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் பற்றிப் பேச்சு எழுந்தபோது, "எனக்கு யார் மேலயும் வெறுப்பு கிடையாது தம்பி, ஊர்க் கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் ஒரு பெரியவர். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. சாதியைத் தனிமனித வெறுப்பு என்று மட்டும் வரையறுத்தால், எந்த ஊரிலும் குற்றவாளி என்று ஒருவர்கூட அகப்பட மாட்டார். ஆனால் தலித் மக்களை உள்ளே விடாத தகராறில் 2023 ஜூனில் அந்தக் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைக்க வேண்டி வந்ததே! தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆயிற்று. ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-லேயே வந்துவிட்ட மாநிலம் இது. திருவிழாவுக்கு யாரிடம் வரி வாங்குவது, தேர் எந்தத் தெருவில் திரும்புவது, பிணம் எந்தப் பாதையில் போவது என்று முடிவு செய்கிற கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்; சாதி அங்கே இருக்கிறது. சாதி எது என்று உலக மேடையிலும் வாதம் நடந்தது: 2001-ல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில், சாதி வேறு இனம் வேறு என்று வாதிட்டது இந்திய அரசு. இருக்கட்டும், வாசலில் நிறுத்தப்பட்டவருக்கு அந்த விளக்கம் எந்தக் கதவையும் திறந்துவிடாது. மனங்கள் மெல்லத் திருந்தட்டும். முடிவெடுக்கும் இடத்தில் தடுக்கப்பட்டவர்களுக்கும் சமபங்கு இன்றே வேண்டும்.