நாடாவும் தண்ணீர்ப் பானையும்

வேலை கொடுத்தாயிற்று, கூலியும் கொடுக்கிறோம், இன்னும் என்ன குறை என்று கேட்கிறவர்கள் உண்டு. ஒரே கூரையின் கீழ் உழைத்துக்கொண்டே ஒதுக்கப்பட்டவனாக நாள் தள்ளுவது எப்படியென்று அவர்களுக்குத் தெரியாது.

பம்பாய்ப் பஞ்சாலைகளின் கதையை எடுத்துக்கொள்வோம். அக்காலத்துத் தறியில் ஊடைத் தார் தீர்ந்ததும் நெசவாளி புதுத் தாரைப் போட்டு, நூல் நுனியை நாடாவின் கண் வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒரே நாடா பல வாய்களுக்குப் போகும்; பஞ்சுத் தூசியும் நோயும் கூடவே போகும். அந்தக் கேடு பெரிதாகத் தெரியவில்லை. தீண்டப்படாதவன் வாய் வைத்த நாடாவில் நாம் வாய் வைப்பதா என்பதே பெரிதாகத் தெரிந்தது! ஆகவே கூலி அதிகமுள்ள நெசவு இலாகாவின் கதவு மகர் தொழிலாளிக்கு அடைக்கப்பட்டது. கூலி குறைந்த ரிங் இலாகாதான் அவனுக்கு. குடிதண்ணீர்ப் பானையும் தனி.

இப்படி ஒதுக்கப்பட்டவர்கள் எப்படித் தாங்குகிறார்கள்? ஊர்ப் பெயரை மறைப்பது, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தனி மூலைக்குப் போவது, பரிகாசம் காதில் விழாததுபோல் இருப்பது, தாகத்தை அடக்கிக்கொள்வது. வயிற்றுக்காக இதையெல்லாம் செய்கிற மனிதனைக் குறைசொல்ல நமக்கு வாய் வராது. ஆனால், பொறுத்துப் போ, நாளடைவில் சரியாகும் என்று புத்தி சொல்லும் பெரிய மனிதர்களைக் கேட்கிறோம்: எந்தப் பானை தானாக ஒன்றாயிற்று?

1928 ஏப்ரலில் பம்பாயில் சுமார் ஒன்றரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆறு மாதம் நின்றார்கள். நெசவு இலாகாவை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்பதையும் கோரிக்கையில் சேர்க்கும்படி டாக்டர் அம்பேத்கர் வற்புறுத்தினார். வேலைநிறுத்தத் தலைவர்கள் தயங்கித்தான் சேர்த்தார்கள். முதலாளிகளோ, இந்த அநீதிக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கைகழுவினார்கள். எவ்வளவு சௌகரியமான பதில்! தடையைப் போட்டது உன் சக தொழிலாளி. மலிவுக் கூலியின் லாபம் மட்டும் எங்களுக்கு!

1929-ல் மறுபடியும் வேலைநிறுத்தம் வந்தது. அம்பேத்கர் அதை எதிர்த்தார். அது தோற்றது. தோல்விக்குக் காரணங்கள் பல. முந்திய ஆண்டின் தயக்கத்தையும் அந்தக் கணக்கில் எழுதத்தான் வேண்டும். தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தியது 1938 நவம்பர் 7-ந் தேதி. பத்து வருஷம் ஆயிற்று! சாதியைக் கிளறினால் சங்கம் உடையும் என்கிற தோழர்கள் இந்தப் பத்து வருஷத்தை எண்ணிப் பார்க்கட்டும்.

கீழத் தஞ்சையில் வேறு வழி கண்டார்கள். 1940-களில் பி. சீனிவாசராவ் சேரிகளில் தங்கி, அங்கேயே உண்டு, பண்ணையாட்களைத் திரட்டினார். சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்ற குரலும், கூலி நெல் உயர வேண்டும் என்ற குரலும் அங்கே ஒன்றாக எழுந்தன. எது முதலில், எது பிறகு என்று யாரும் வழக்காடவில்லை.

வாயால் இழுக்கும் நாடா போய்விட்டது. ஆனால் இன்றும் எத்தனையோ ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறச் சட்டை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறு நிறம். வேலை என்னவோ ஒன்றுதான். வடநாட்டிலிருந்து வந்த பையனுக்கு ஆலை விடுதிக்கு வெளியே பேச ஆளில்லை. 24 மாதங்களில் 480 நாள் உழைத்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ல் தமிழகத்தில் சட்டம் வந்தது. 480-ஐ எட்டவிடாமல் நாளை எண்ணுவதற்கென்றே ஆபீசில் ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

தோழர்களே, நம் வாயிற்கூட்டத்தில் இவர்கள் எங்கே நிற்கிறார்கள்? சாலைக்கு எதிர்ப்புறம். துண்டுப் பிரசுரம் அவர்கள் மொழியில் உண்டா? கமிட்டியில் அவர்களில் ஒருவராவது உண்டா? அடுத்த கூட்டத்தில் கோரிக்கைகளை வாசிக்குமுன் அவர்களை இப்புறம் அழைத்து முதலில் பேசச் சொல்லுங்கள். போனஸ் பேச்சை அதன்பிறகு எடுக்கலாம்.