கம்ப்ரெஸருக்குப் பத்து வருஷம், தெர்மோஸ்டாட்டுக்கு?

ஃப்ரிஜ் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். கதவில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்: 'கம்ப்ரெஸருக்கு 10 வருட வாரண்ட்டி'. ஃப்ரிஜ்ஜைத் திறக்கும் முன்பே மனசு குளிர்ந்துவிடுகிறது. கொஞ்சம் பொறுங்கள். வாரண்ட்டி அட்டையின் அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கும். அதையும் படியுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு வருடம்!

இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கம்ப்ரெஸர் என்பது இரும்புக் குண்டுக்குள் எண்ணெயோடு சேர்த்து சீல் வைத்த சமாச்சாரம். நல்ல வோல்டேஜ் கொடுத்தால் லேசில் சாகாது. அது கம்பெனிக்கும் தெரியும். சீக்கிரம் சாகக்கூடியவை யார் யார்? தெர்மோஸ்டாட், ரிலே, கதவு ரப்பர். இப்போது வரும் மாடல்களில் எலெக்ட்ரானிக் போர்டு. இவர்களுக்கெல்லாம் ஒரு வருஷம்தான். அதாவது, குடும்பத்தில் ஆரோக்கியமாக இருப்பவருக்கு மட்டும் பத்து வருஷ இன்ஷ்யூரன்ஸ்!

தெர்மோஸ்டாட் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சாதாரண ஒற்றைக் கதவு ஃப்ரிஜ்ஜுக்குள் பல்பு பக்கத்தில் 1, 2, 3 என்று நம்பர் போட்ட ஒரு திருகு இருக்கிறதே, ஐஸ் கரைக்க நடுவில் ஒரு பட்டன்கூட இருக்குமே, அதன் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து வால் மாதிரி ஒரு மெல்லிய குழாய் ஃப்ரீஸர் வரைக்கும் போகும். குழாய்க்குள் கொஞ்சம் வாயு. ஃப்ரீஸர் குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறைந்து ஸ்விட்ச்சை அணைக்கும். சூடானால் அழுத்தம் ஏறி மறுபடி போடும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. உள்ளே இருக்கும் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரெஸர் நிற்காமல் ஓடும். குழாயில் வாயு ஒழுகிப் போனால் கம்ப்ரெஸர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது, பல்பு மட்டும் எரியும். சந்தேகம் வந்தால் மெக்கானிக் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டு மறுபடி கரண்ட் கொடுத்துப் பார்ப்பார். கம்ப்ரெஸர் ஓடினால் குற்றவாளி கிடைத்தாச்சு. புது தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய். ஒரு ஸ்க்ரூடிரைவர், அரை மணி நேரம்.

இதைச் செய்யத்தான் நம் ஊரில் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் செய்ய விடுவதில்லை.

ஊத்தங்கரையில் எனக்குத் தெரிந்த ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் வீட்டில் நடந்தது இது. எட்டு வருஷத்து ஃப்ரிஜ். திடீரென்று கீழ்த்தட்டில் வைத்த தக்காளி எல்லாம் ஐஸ் உருண்டை. இட்லி மாவு கல். கரண்ட் பில் ஏறியது. கம்பெனியின் இலவச நம்பருக்கு போன் போட்டார். தமிழுக்கு இதை அழுத்து, இங்கிலீஷுக்கு அதை அழுத்து என்றெல்லாம் ஆகி, நாலாம் நாள் கிருஷ்ணகிரியிலிருந்து டை கட்டிய ஒரு பையன் வந்தான். ஃப்ரிஜ்ஜின் பின்பக்கம் காதை வைத்துக் கேட்டான். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை.

"மேடம், கம்ப்ரெஸர் வீக்கு. கேஸும் கம்மியா இருக்கு."

"பத்து வருஷம் வாரண்ட்டி போட்டிருக்கே தம்பி?"

"கம்ப்ரெஸர் ஃப்ரீதான் மேடம். கேஸ் சார்ஜ், லேபர், வண்டி வாடகை உங்களுது. ஆறாயிரம் ஏழாயிரம் ஆயிடும். இந்த மாடலுக்கு ஸ்பேரும் வர்றதில்ல. அதுக்கு எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துடுங்களேன்..."

வந்து போன செலவுக்கு ரசீது போட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நீங்களே சொல்லுங்கள். கேஸ் கம்மியான ஃப்ரிஜ் தக்காளியைக் கல்லாக்குமா? கம்ப்ரெஸர் வீக்கான ஃப்ரிஜ் மாவை உறைய வைக்குமா? அளவுக்கு மீறிக் குளிர்கிறது என்றால் அந்த இரண்டும் ஜோராக இருக்கிறது என்று அர்த்தம். 'போதும் நிறுத்து' என்று சொல்கிற ஆள்தான் செத்துப்போயிருக்கிறான். ஜுரத்தில் கொதிக்கிறவனைப் பார்த்து, உடம்பில் சூடு பத்தவில்லை என்று சொல்கிற டாக்டரை என்ன செய்வீர்கள்?

டீச்சர் தவணையில் புது ஃப்ரிஜ் எடுத்தார். பழசைக் கடைக்காரர் சொற்பத் தொகைக்குக் கழித்துக்கொண்டு தூக்கிப் போனார். இரண்டு மாதம் கழித்து அதே ஃப்ரிஜ்ஜை, கதவில் பேரன் ஒட்டிய ஸ்டிக்கரோடு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பூக்கடையில் பார்த்தார். மல்லிகைப் பூ ஜில்லென்று இருந்தது. செகண்ட் ஹேண்டில் நாலாயிரத்துக்கு வாங்கினாராம் பூக்காரர். "தெர்மோஸ்டாட் மட்டும் மாத்திக் குடுத்தாங்க டீச்சர், சூப்பரா ஓடுது" என்றாராம்.

இந்த 'கேஸ் கம்மி' விஷயத்தை இன்னொரு தரம் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரிஜ் கேஸ் என்பது அடுப்பு கேஸ் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ஓட்டை விழுந்தால் ஒழிய குறையாது. வருஷா வருஷம் 'கேஸ் டாப்-அப்' செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால், ஓட்டையைக் காட்டு என்று கேளுங்கள். (ஃப்ரீஸரில் கட்டிப் போன ஐஸைக் கத்தியால் குத்தி ஓட்டை போடுவது நம் வீடுகளின் தேசிய வழக்கம். அதற்குக் கம்பெனியைத் திட்ட முடியாது.)

சரி, உள்ளூர் மெக்கானிக்குகள் எல்லோரும் அரிச்சந்திரர்களா? இல்லவே இல்லை. பழைய தெர்மோஸ்டாட்டைப் புதுசு என்று மாட்டுகிறவர் உண்டு. நல்ல பார்ட்டைக் கழற்றிக்கொண்டு போகிறவரும் உண்டு. ஆனால் ஐ.டி.ஐ-யில் ஏ.சி., ஃப்ரிஜ் மெக்கானிக் டிரேடில் இரண்டு வருஷம் உட்கார்ந்து படித்துவிட்டு வந்த பையன் ஒழுங்காகத் தொழில் செய்ய நினைத்தாலும், அவனுக்குக் கம்பெனி ஸ்பேர் தருவதில்லையே! 'ஆதரைஸ்டு' ஆட்களுக்கு மட்டும்தானாம். அப்புறம் அவன் என்ன செய்வான்? லேபிள் இல்லாத டூப்ளிகேட்டை மாட்டுவான். அது ஆறு மாதத்தில் போகும். 'பார்த்தீர்களா, லோக்கல் ஆளிடம் கொடுக்காதீர்கள் என்று சொன்னோமே' என்று கம்பெனி சொல்லும். தண்ணீரை அடைத்துவிட்டு, பயிர் வாடிவிட்டது என்று விவசாயியைக் குற்றம் சொல்கிற கதை.

பாதுகாப்பு என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். இப்போது பல ஃப்ரிஜ்களில் ஆர்-600ஏ என்ற கேஸ்; அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கக் கூடியது, கண்டவனும் கை வைக்கக் கூடாது என்கிறார்கள். வாஸ்தவம். கேஸ் குழாயை வெட்டி ஒட்டும் வேலைக்குப் பயிற்சி வேண்டும்தான். ஆனால் தெர்மோஸ்டாட்டை மாற்ற அந்தக் குழாயைத் தொடவே வேண்டியதில்லையே. அதன் வால் ஃப்ரீஸரின் மேல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

புது ஃப்ரிஜ் கரண்ட்டை மிச்சப்படுத்தும் என்பது இன்னொரு வாதம். இருபது வருஷப் பழசாக இருந்தால் ஒத்துக்கொள்கிறேன். எட்டு வருஷத்து ஃப்ரிஜ்ஜைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சப்படுத்தும் கரண்ட், முப்பதாயிரம் ரூபாய்த் தவணையை எத்தனை வருஷத்தில் அடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கு முடிவதற்குள் புது ஃப்ரிஜ்ஜின் போர்டு போயிருக்கும்.

போர்டு! அங்கேதான் விஷயம் இன்னும் மோசமாகிறது. பல புது மாடல்களில் தெர்மோஸ்டாட்டே கிடையாது. மிளகு அளவு சென்ஸார் ஒன்று, அது சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க ஒரு போர்டு. சென்ஸார் விலை அற்பம். போர்டில் போவதும் பெரும்பாலும் ஒரு ரிலேயோ கெபாசிட்டரோதான், பத்து இருபது ரூபாய். ஆனால் அதை மட்டும் மாற்ற மாட்டார்கள். முழு போர்டும் மாற்ற வேண்டும், ஆயிரக்கணக்கில் விலை. சில கம்பெனிகள் போர்டின் மேல் பிசின் ஊற்றி மூடியே அனுப்புகின்றன. ஈரம் புகாமல் இருக்கத்தானாம். ஈரத்தோடு சேர்ந்து மெக்கானிக்கும் புக முடியவில்லை.

இத்தனைக்கும் இது நடப்பது எந்த மாவட்டத்தில்? கிருஷ்ணகிரி மாவட்டத்தில்! ஓசூரில் டைட்டன் கைக்கடிகாரம் செய்கிறார்கள், டி.வி.எஸ். பைக் செய்கிறார்கள், அசோக் லேலண்ட் லாரி செய்கிறார்கள். டாடா எலெக்ட்ரானிக்ஸ் செல்போன் பாகங்கள் செய்கிறது. ஊத்தங்கரைக்குப் பக்கத்திலேயே போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை. ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய், மைக்ரான் கணக்கில் அளந்து பாகம் செய்துவிட்டு வருகிறார்கள். வீட்டுக்கு வந்தால், ஒரு ஃப்ரிஜ் ஸ்விட்ச் வாங்க பெங்களூருக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது.

'கம்பெனி தன் ஸ்பேரை யாருக்கு விற்பது என்பது அதன் இஷ்டம் சார், இதில் சட்டம் என்ன செய்யும்?' என்று கேட்பவர்கள் ஐரோப்பாவைப் பார்க்கட்டும். அங்கே 2021 மார்ச் 1 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. தெர்மோஸ்டாட், சென்ஸார், போர்டு, பல்பு நான்கையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அந்த மாடலின் கடைசி ஃப்ரிஜ் விற்பனைக்கு வந்த பிறகும் குறைந்தது ஏழு வருஷத்துக்கு இவை மெக்கானிக்குகளுக்குக் கிடைத்தாக வேண்டும். கேட்டால் பதினைந்து வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். கதவு ரப்பர் பத்து வருஷத்துக்கு, அதுவும் உங்களுக்கும் எனக்கும் நேரடியாகவே. அங்கேயும் விற்று இங்கேயும் விற்கும் கம்பெனிகள் உண்டு. அங்கே சட்டம் என்றால் தலையாட்டுகிறவர்கள், இங்கே 'ஸ்பேர் வர்றதில்ல மேடம்' என்கிறார்கள்.

நம் நாட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. குற்றம் இதேதான்: வெளி மெக்கானிக்குகளுக்கு ஸ்பேர் கிடைக்காமல் செய்தது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனார்கள், அது தனிக் கதை. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு போட்டது. அதே வருஷம் டிசம்பர் 24-ல் ஒரு இணையதளமும் திறந்தது. கம்பெனிகள் தாங்களாகவே முன்வந்து ஸ்பேர், சர்வீஸ் விவரங்களைப் போடலாம் என்ற ஏற்பாடு. தாங்களாகவே! பூனை தானாகவே வந்து பால் கணக்குச் சொல்லட்டும் என்கிற மாதிரி. இதற்கு நடுவில் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்துவிட்டன. ஃப்ரிஜ் செத்த பிறகு ஈமக்கிரியைக்குக் கம்பெனி பொறுப்பு. நல்லது. உயிரோடு இருக்கும்போது மருந்து கொடு என்று கட்டாயப்படுத்தத்தான் ஆளில்லை.

கட்டாயம் முடியாத காரியமா என்ன? ஃப்ரிஜ் கதவில் நட்சத்திர லேபிள் பார்க்கிறீர்களே, 2006-ல் அதை ஆரம்பித்தபோது இஷ்டப்பட்டவர்கள் ஒட்டலாம் என்றுதான் சொன்னார்கள். பிறகு கட்டாயமாக்கினார்கள். எந்தக் கம்பெனியும் மூடிவிட்டுப் போகவில்லை. இப்போது நட்சத்திரத்தைக் காட்டித்தான் விளம்பரமே செய்கிறார்கள். அதே லேபிளில் இன்னும் இரண்டு வரி போதும்: 'இந்த மாடலுக்கு இத்தனை வருஷம் ஸ்பேர் கிடைக்கும். தெர்மோஸ்டாட் அல்லது போர்டின் விலை இவ்வளவு.'

அது வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். சர்வீஸ் ஆள் வந்து 'ஸ்பேர் வராது' என்றால், அதைக் கம்பெனி ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அந்த நிமிஷமே ஸ்பேர் வந்துவிடும். வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி டெல்லியில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய சாமானுக்குக் கட்டணமே கிடையாது.

அடுத்த தடவை ஃப்ரிஜ் கடைக்குப் போகும்போது கம்ப்ரெஸர் ஸ்டிக்கரைக் காட்டுகிற பையனிடம் இதைக் கேளுங்கள்: "உள்ளே தெர்மோஸ்டாட்டா, போர்டா? அது தனியா என்ன விலை? ஊத்தங்கரையில யாரு மாத்துவாங்க?" அவன் முழிப்பான். மானேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.