மூடாத கர்ஸர்

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் ரொம்பக் கஷ்டமான உத்தியோகம், கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பது. போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து டோக்கனை நீட்டினால் சிக்கலே இல்லை. க்யூவில் ஒருத்தர் மயங்கி விழுகிறார், வேறு கோபுரம் வழியாகத் தூக்கிப் போய் ஆட்டோவில் ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செருப்பு அங்கேயே கிடக்கும். மொத்தமே 50 டோக்கன்தான், 50 பேர் இப்படிப் போய்விட்டார்கள் என்றால் 51-வது ஆசாமி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான்.

டேட்டாபேஸில் இந்த டோக்கனுக்குப் பெயர் கர்ஸர். கேட்ட கேள்விக்குப் பதிலை வரிவரியாக வாங்கிக்கொள்ள ஆரக்கிள் தருவது. ஒரு ஸெஷனுக்கு இத்தனைதான் என்று வரம்பு உண்டு. நீங்களாக மாற்றாவிட்டால் 50. தாண்டினால் ஓ.ஆர்.ஏ-01000 என்று கத்தும். உடனே நம்மவர்கள் வரம்பை 500 ஆக்கிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். செருப்பு ஸ்டாண்டைப் பெரிசாக்குகிற வைத்தியம்!

'க்ளோஸ் எழுதியிருக்கேனே ஸார்' என்பார் புரொகிராமர். எழுதியிருப்பார், எல்லாம் ஒழுங்காக நடந்தால் போய்ச் சேருகிற கடைசி வரியில். நடுவில் எரர் வந்தால் அந்த வரிக்கு யார் போவது? அதற்குத்தான் ஜாவாவில் 'ஃபைனலி' என்று ஒரு பகுதி. நல்லபடியாக முடிந்தாலும் மயங்கி விழுந்தாலும் அது வழியாகத்தான் வெளியே போகணும்.

அதிலும் ஒரு வில்லங்கம். மைக்கேல் நைகார்ட் 2007-ல் வெளியான 'ரிலீஸ் இட்!' புத்தகத்தில் ஒரு விமானக் கம்பெனியின் கதையைச் சொல்கிறார். (பெயரைச் சொல்லவில்லை. சமர்த்து!) ராத்திரி டேட்டாபேஸை ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருக்கிறார்கள். பிரமாதமாக முடிந்தது. சில மணி நேரம் கழித்து செக்-இன் மெஷின்கள் அத்தனையும் ஸ்தம்பித்தன. ஃபைனலிக்குள் இருந்தது இரண்டே வேலை. முதலில் ஸ்டேட்மென்ட்டை மூடு, அப்புறம் கனெக்‌ஷனை மூடு. மாற்றும்போது பழைய லைன் அறுந்துபோனதால் முதல் மூடலே எரர் அடித்தது. இரண்டாவதற்குப் போகவே இல்லை. திரும்பி வராத கனெக்‌ஷன்கள் சேர்ந்து சேர்ந்து, கையிருப்பு தீர்ந்து, அடுத்து வந்தவர்களெல்லாம் காத்துக்கொண்டே நின்றார்கள்.

2011-ல் வந்த ஜாவா 7 இந்தத் தலைவலியைத் தன் தலையில் போட்டுக்கொண்டது. ட்ரை வரியிலேயே திறந்தால், கடைசியில் திறந்ததிலிருந்து ஒவ்வொன்றாகத் தானே மூடும். ஒன்றில் எரர் வந்தாலும் மற்றதை விடாது.

பி.காம். படித்த எனக்கு இதைவிட எரிச்சல், எரரைப் பிடித்து ஒன்றுமே செய்யாமல் விடுகிற காலி 'கேட்ச்'. கணக்கு இடித்தால் நாங்கள் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டிலாவது எழுதி வைப்போம். இது வவுச்சரையே கிழித்துப் போடுகிற வேலை. லாக்கில் ஒரு வரி எழுதக்கூடாதா ஸார்? ராத்திரி இரண்டு மணிக்கு போன் வருவது பெரும்பாலும் எழுதினவருக்கு இல்லை, ஷிஃப்ட்டில் இருக்கிற புதுப் பையனுக்கு.